தலைவிதியும் தின்னர் நெடியும்

(திருவண்ணாமலையில் நடந்த பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் நம்முடைய கூட்டங்களில் வழக்கமாகப் பேசப்படாத ஒன்று. பெயிண்டு அடிக்கிறவர்களும், செருப்புக்குப் பசை போடுகிறவர்களும், மெக்கானிக் ஷெட்டில் வேலை செய்கிறவர்களும், அச்சுக்கூடத்தில் மசி துடைக்கிறவர்களும் தினந்தோறும் முகர்கிற தின்னர், டர்பன்டைன், பெட்ரோல் முதலிய திரவங்களால் உடம்புக்கு என்ன கெடுதி, எவ்வளவு கெடுதி, அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே அது.

"இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். நிரம்பச் சம்பந்தமிருக்கிறது. ஒருவன் நோயில் விழுந்தால் "அவன் தலையெழுத்து" என்று சொல்லி முடித்துவிடுகிற நாட்டில், அவன் என்ன வேலை செய்தான், எதை முகர்ந்தான், எத்தனை வருஷம் முகர்ந்தான் என்கிற கேள்வியே பிறப்பதில்லை. கேள்வி பிறக்காத இடத்தில் முதலாளிக்குச் செலவில்லை, சர்க்காருக்கு வேலையில்லை, தொழிலாளிக்கு மாத்திரம் ஆயுசு இல்லை. ஆகவே கேள்வி கேட்கக் கற்றுக் கொள்ளுவதுதான் இதில் முதல் வைத்தியம் என்று சொல்லுகிறேன்.

நான் பட்டம் பெற்ற வைத்தியனுமல்ல, ரசாயனப் பண்டிதனுமல்ல. படித்தும் விசாரித்தும் தெரிந்து கொண்டதைச் சொல்லுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்தியில் போட்டு நிறுத்துப் பார்த்து, சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

காய்ந்த தின்னர் எங்கே போகிறது?

உப்பைக் கரைக்கத் தண்ணீர் போதும். பெயிண்டையும் கிரீஸையும் ரப்பர்ப் பசையையும் கரைக்கத் தண்ணீரால் ஆகாது. அதற்காக உபயோகிக்கிற திரவங்களுக்குத்தான் கரைப்பான் என்று பெயர். தின்னர் என்று டப்பாவில் வருவது ஒரே சரக்கல்ல. டொலுவீன், சைலீன், அசிட்டோன் முதலிய பலவற்றின் கலப்பு. இவை சீக்கிரத்தில் ஆவியாகிவிடும். தொழிலுக்கு அதுவே வசதி. உடம்புக்கு அதுவே ஆபத்து.

"பெயிண்டு காய்ந்துவிட்டது" என்கிறோம். அதிலிருந்த தின்னர் எங்கே போயிற்று? காற்றில் கலந்தது. அந்தக் காற்று எங்கே போயிற்று? ஜன்னல் திறந்திருந்தால் வெளியே போயிற்று; சாத்தியிருந்தால் உள்ளே வேலை செய்தவனுடைய நுரையீரலுக்குப் போயிற்று. நுரையீரலிலிருந்து இரத்தத்திற்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் போக நிமிஷக் கணக்கில் நேரம் போதும். கொழுப்பைக் கரைப்பது இதன் குணம். நம் மூளையும், நரம்பின்மேல் இருக்கிற உறையும் கொழுப்பு நிறைந்தவை. ஆதலால்தான் நாளெல்லாம் நெடியில் இருந்தவனுக்குச் சாயங்காலம் தலை கனக்கிறது, குடித்தவனைப்போல் தள்ளாடுகிறது, காரணமில்லாமல் வீட்டில் எரிந்து விழுகிறான். "கெட்ட நேரம், சனி பிடித்திருக்கிறது" என்று வீட்டார் ஜோசியரிடம் போகிறார்கள். பிடித்தது சனியல்ல, சாத்திய அறையில் அடைபட்ட ஆவி! அந்த ஆவியை ஓட்ட மந்திரவாதி வேண்டியதில்லை. இரண்டு ஜன்னலைத் திறந்தால் போதும்.

இரண்டு வகை மூடநம்பிக்கை

இந்த விஷயத்தில் இரண்டு வகை மூடநம்பிக்கை நடமாடுகிறது. ஒன்று, "இத்தனை நாளாக ஒன்றும் ஆகவில்லையே, இனி என்ன ஆகப் போகிறது?" என்பது. மற்றொன்று, "கெமிக்கல் என்றாலே விஷம்" என்று அலறுவது. நாம் குடிக்கிற தண்ணீரும் ரசாயனந்தான். தின்கிற உப்பும் ரசாயனந்தான். ஆகையால் பேரைக் கேட்டுப் பயப்படுவதும் பிசகு. பழகிவிட்டதென்று பயமில்லாமல் இருப்பதும் பிசகு. நாலு கேள்விகளைக் கேட்டு, அதற்குமேல் பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதுதான் புத்திசாலித்தனம். எது? எந்த வழியாக? எவ்வளவு? எத்தனை காலம்? இந்த நாலுதான்.

முதல் கேள்வி: எது?

எல்லாக் கரைப்பானும் ஒன்றல்ல. அசிட்டோன் வேறு, பென்சீன் வேறு. பென்சீன் எலும்பின் உள்ளே இரத்தம் ஊறுகிற மஜ்ஜையைக் கெடுத்து, இரத்தப் புற்றுநோயை உண்டாக்குகிறது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இதை மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக நிச்சயமாய்த் தெரிந்தவைகளின் வகுப்பில் வைத்திருக்கிறது. நம்முடைய பெட்ரோலிலும் நூற்றுக்கு ஒரு பங்கு வரை இது இருக்கலாமென்று அனுமதியிருக்கிறது. மெக்கானிக் ஷெட்டில் கைக் கிரீஸை பெட்ரோல் ஊற்றிக் கழுவுகிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தோலின் வழியாகவும் அது உள்ளே போகும்.

ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஏழை ஜனங்கள் வீட்டிலிருந்தபடியே செருப்புத் தைத்து ஒட்டிப் பிழைத்தார்கள். பசையிலிருந்த பென்சீனால் பலர் நோயுற்றதன் பேரில், 1959ல் பென்சீன் பசையைத் தடை செய்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அதற்குப் பதிலாக வந்த பசையில் ஹெக்ஸேன் என்கிற வேறொரு கரைப்பான் இருந்தது. 1960களில் அந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு முதலில் பாதம் மரத்தது; பிறகு கை மரத்தது; பிறகு நடை தளர்ந்தது. ஒரு பகுதியில் மாத்திரம் 93 பேருக்கு நரம்பு கெட்டதாகக் கண்டுபிடித்தார்கள். எண்ணெய்ச் சட்டிக்குத் தப்பி எரிகிற அடுப்பில் விழுந்த கதையாயிற்று. இதே ஹெக்ஸேன் 2009ல் சீனாவின் சூச்சோ நகரத்தில் கைப்பேசிக் கண்ணாடி துடைக்கிற தொழிற்சாலைக்குள் வந்து, நூற்றுக்கு மேற்பட்ட இளந் தொழிலாளிகளின் நரம்பைக் கெடுத்தது. சாராய சத்தைவிட அது சீக்கிரம் காய்கிறது என்பதற்காகவே அங்கே மாற்றினார்கள். ஆகவே "பழையதை மாற்றிவிட்டோம்" என்று ஒருவர் சொன்னால், "எதை வைத்து மாற்றினீர்கள்?" என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எந்த வழியாக?

இதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 2024 ஜூனில் நம் பக்கத்து ஜில்லாவாகிய கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் சுற்றிலும் 60க்கு மேற்பட்டவர்கள் கள்ளச்சாராயம் குடித்துச் செத்தார்கள். அதற்கு முந்தின வருஷம், 2023 மே மாதத்தில், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு ஜில்லாவிலுமாக 20க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். இரண்டிலும் கொன்றது எது? மெத்தனால். அதுவும் தொழிற்சாலைகளில் சாதாரணமாய்ப் புழங்குகிற ஒரு கரைப்பானே. பார்வைக்கும் வாசனைக்கும் சாராய சத்தைப்போலவே இருக்கும்.

அது வயிற்றில் போனவுடனே கொல்லுவதில்லை. ஈரல் அதை மாற்றி எறும்பு கடிக்கும்போது சுரக்கிற அதே பார்மிக் அமிலமாக ஆக்குகிறது. அதற்குச் சாதாரணமாக அரை நாள், ஒரு நாள் ஆகும். அந்த அமிலம் இரத்தத்தைக் கெடுத்து, கண் நரம்பைப் பொசுக்குகிறது. முதலில் பார்வை மங்கும். பிறகு மூச்சு வாங்கும். அந்த இடைவேளையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், ஈரலின் வேலையைத் தடுக்கிற மாற்று மருந்து கொடுத்தும், இரத்தத்தைச் சுத்தம் செய்தும் பிழைக்க வைக்க வழியிருக்கிறது. அந்த நேரத்தில் மாந்திரீகம் பார்ப்பதும், மோர் கொடுத்துப் படுக்க வைப்பதும், போலீசுக்குப் பயந்து மறைப்பதும் ஆளைக் கொல்லுகிற காரியங்களாகும். குடித்தவன் குற்றவாளியா யோக்கியனா என்கிற விசாரணை பிறகு இருக்கட்டும். முதலில் அவன் மனிதன், அவன் கண் மனிதனுடைய கண்.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு?

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா முதலிய இடங்களில் குழந்தைகள் இருமல் மருந்து குடித்துச் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். 20க்கு மேற்பட்ட குழந்தைகள். மருந்து தயாரானது நம்முடைய காஞ்சிபுரம் ஜில்லாவில். தமிழ்நாட்டு மருந்துப் பரிசோதனைச் சாலை அதைச் சோதித்ததில், டைஎத்திலீன் கிளைகால் என்கிற கரைப்பான் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு நூற்றுக்கு 0.1 பங்கு. அதாவது ஏறக்குறைய 486 மடங்கு! 1937ல் அமெரிக்காவில் இதே சரக்கில் கரைத்த மருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. மறு வருஷமே அங்கே புது மருந்துச் சட்டம் செய்தார்கள். அதே சரக்கு 88 வருஷத்திற்குப் பிறகும் நம் தேசத்துக் குழந்தையின் வாயில் விழுகிறதென்றால், அந்தக் குழந்தையின் ஜாதகத்திலா பிழை? ஒவ்வொரு பீப்பாயையும் சோதிக்க வேண்டியவன் சோதிக்காததல்லவா பிழை?

காற்றிலும் இந்தக் கேள்விதான். கும்பாபிஷேகம் வந்தால் ஊர் ஊராகக் கோபுரத்திற்குப் பெயிண்டு அடிக்கிறார்கள். கோபுரத்தின்மேல் நிற்கிறவனுக்குத் தின்னர் நெடியால் கெடுதி கொஞ்சம். காற்று அடித்துக் கொண்டு போய்விடும். அவனுக்கு எமன் தின்னரல்ல, கட்டாத இடுப்புக் கயிறு. ஆனால் அதே பெயிண்டை வீட்டுக்குள் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கிறவனுக்கும், தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி அடிக்கிறவனுக்கும் நெடியே எமன். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். ஒரே டப்பா, ஒரே ஆள், இடம் மாறினால் ஆபத்து மாறுகிறது. இதைத்தான் கணக்குப் பார்ப்பது என்கிறோம்.

"நெடி தெரியவில்லையே" என்று நம்பிவிடக் கூடாது. மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகிப்போய் வேலை செய்வதை நிறுத்திவிடும். பென்சீனைப் போன்றதில் நெடி தெரிய ஆரம்பிக்கும்போதே அளவு மீறியிருக்கும்.

நாலாவது கேள்வி: எத்தனை காலம்?

"என் மாமன் முப்பது வருஷம் இந்த வேலை செய்தார், எண்பது வயது வரை இருந்தார்" என்று ஒரு தோழர் சொல்லுவார். வாஸ்தவமாயிருக்கலாம். அவருக்குப் பதிலாக துருக்கி நாட்டுக் கணக்கு ஒன்றைச் சொல்லுகிறேன்.

இஸ்தான்புல் நகரத்தில் முஸாபர் அக்ஸாய் என்கிற வைத்தியர், தம்மிடம் வருகிற இரத்தப் புற்றுநோயாளிகளில் செருப்புத் தொழிலாளிகள் அதிகமாக இருப்பதைக் கவனித்தார். அவர்கள் காற்றில்லாத சின்னச் சின்னப் பட்டறைகளில் பென்சீன் கலந்த பசையில் வேலை செய்தவர்கள். 1967 முதல் 1973 வரை 26 பேரை எண்ணினார். அதோடு நிற்கவில்லை, அந்த நகரத்தில் அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் ஏறக்குறைய 28,500 பேர் என்று அதையும் எண்ணினார். வகுத்துப் பார்த்தால் வருஷத்திற்கு லட்சம் பேரில் 13 பேர். பொது ஜனங்களிலோ லட்சத்திற்கு 6 பேர். இரண்டு மடங்குக்கு மேல்!

இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். வருஷத்திற்கு லட்சத்தில் 13 பேர் என்றால், பத்துப் பேர் வேலை செய்கிற ஒரு பட்டறையில் ஒரே ஒரு நோயாளியைப் பார்க்க 700 வருஷத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆகையால் அந்தப் பட்டறைக்காரர், "என் அனுபவத்தில் ஒருவனுக்கும் ஒன்றும் வந்ததில்லை" என்று சத்தியம் செய்வார்; பொய்யும் சொல்லவில்லை. ஆனால் அவர் அனுபவத்தின் கண்ணுக்குத் தெரியாதது, 28,500 பேரையும் சேர்த்து எண்ணின கணக்கின் கண்ணுக்குத் தெரிந்தது. தனி ஆளுடைய அனுபவம் எவ்வளவு நல்லதானாலும் சிறியது. எண்ணிக்கை ஒன்றுதான் ஏழையின் சாவை வெளிச்சத்திற்குக் கொண்டுவரும். பென்சீன் பசையைக் கைவிட ஆரம்பித்த சில வருஷங்களில் புது நோயாளிகள் அங்கே குறைந்தார்கள். தலையெழுத்தாக இருந்தால் பசையை மாற்றியவுடன் அழிந்திருக்குமா என்று கேட்கிறேன்.

சாஸ்திரமும் அளவும்

மற்றொரு விஷயம். "விஞ்ஞானிகள் நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று ஒன்று சொல்லுகிறார்கள்" என்று சிலர் பரிகாசம் செய்கிறார்கள். அமெரிக்காவில் பென்சீன் ஆவி, பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை இருக்கலாமென்று 1946ல் நிபுணர்கள் சொன்னார்கள். 1971ல் சர்க்கார் 10 பங்கு என்றது. 1987ல் ஒரு பங்கு என்றது. ஏன் குறைந்தது? எண்ணினார்கள், செத்தவர்களைக் கண்டார்கள், அளவைக் குறைத்தார்கள். தப்பைத் திருத்திக் கொள்ளுவதுதான் அறிவுக்கு அழகு. ஆயிரக்கணக்கான வருஷமாக ஒரு எழுத்தும் மாறாதென்று பெருமை பேசுகிற சாஸ்திரம், எத்தனை பேர் செத்தாலும் தன்னைத் திருத்திக் கொண்டதுண்டா?

அந்தச் சாஸ்திரந்தான் தோலைத் தொடுகிற வேலை, சாக்கடை வேலை, சாயத்தில் கை வைக்கிற வேலை எல்லாவற்றையும் இன்ன ஜாதிக்கு என்று பிறப்பிலேயே எழுதி வைத்தது. அப்படி எழுதி வைத்துவிட்டு, அந்த வேலையால் வருகிற நோய்க்கும் முன்ஜென்மக் கர்மம் என்று பெயர் வைத்தது. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! வேலையைக் கொடுத்தவனும் தப்பித்துக் கொண்டான். லாபம் எடுத்தவனும் தப்பித்துக் கொண்டான். 1700ல் இத்தாலி தேசத்து வைத்தியர் ராமஸ்ஸினி, நோயாளியைப் பார்த்தவுடன் "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்று கேட்க வேண்டுமென்று வைத்தியர்களுக்குச் சொன்னார். நம் நாட்டில் "நீ என்ன ஜாதி, என்ன நட்சத்திரம்?" என்று இன்றைக்கும் கேட்டுக் கொண்டிருக்கிறோம்.

ஆயுத பூஜையன்று இயந்திரத்திற்குச் சந்தனம், குங்குமம், மாலை. வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய். எல்லாம் முடிந்து மறுநாள் அந்த இயந்திரத்தில் நிற்கிற மனிதனுக்கு ஒரு கையுறை உண்டா? இந்த ஊரில் தீபத்திற்கு எத்தனை ஆயிரம் கிலோ நெய், எத்தனை மீட்டர் திரி என்று வருஷந்தோறும் பத்திரிகையில் கணக்கு வருகிறது. முதலாளியின் நோட்டில் தின்னர் எத்தனை லிட்டர் என்று கணக்கு இருக்கிறது. அந்தத் தின்னரை முகர்ந்தவன் மூச்சுக்கு மாத்திரம் கணக்கில்லை என்றால் இது வெட்கக்கேடல்லவா?

என்ன செய்யலாம்?

சிலர் பாலும் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் நெடி இறங்கிவிடும் என்று நம்புகிறார்கள். பால் போவது வயிற்றுக்கு. ஆவி போவது நுரையீரலுக்கு. பசிக்குச் சாப்பிடுங்கள், தடையில்லை. பாதுகாப்பென்று நம்பி ஏமாறாதீர்கள். மூக்கில் கட்டுகிற கைக்குட்டை தூசியைக் கொஞ்சம் தடுக்கும். ஆவியை ஒரு துளியும் தடுக்காது. ஆவியை உறிஞ்சுகிற கரி அடைத்த முகமூடிதான் தடுக்கும். அந்தக் கரியையும் காலத்தில் மாற்ற வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னே செய்ய வேண்டியது காற்றுக்கு வழி விடுவது. ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் காற்றாடி வைத்து வெளியே தள்ளுங்கள். டப்பாவை மூடி வையுங்கள். தின்னரிலும் பெட்ரோலிலும் கை கழுவாதீர்கள், சோப்பு இருக்கிறது. வேலை செய்கிற இடத்தில் சாப்பிடவோ பீடி பற்றவைக்கவோ வேண்டாம். பீடி நெருப்பில் ஆவி பற்றிக்கொள்ளும். கர்ப்பமாயிருக்கிற பெண்களை இந்த நெடியில் நிறுத்தக் கூடாது. குளிர்பானப் பாட்டிலில் தின்னரை ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. தண்ணீர் கலந்த பெயிண்டும், தண்ணீர் கலந்த பசையும் வந்திருக்கின்றன. கூடிய இடத்தில் அதைக் கேளுங்கள். கால் மரத்தாலோ, ஓயாத தலைவலியோ அசதியோ இருந்தாலோ, டாக்டரிடம் போய் அவர் கேட்காவிட்டாலும் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். முடிந்தால் டப்பாவின் சீட்டையும் காட்டுங்கள்.

நம்முடைய ஜில்லாவிலே செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையில் தோலையும் செருப்பையும் நம்பி எத்தனையோ குடும்பங்கள். அங்கே கெடுதி நடக்கிறதென்று தெரியாமல் நான் சொல்லமாட்டேன். அந்தப் பெண்கள் கேட்கக் கற்றுக் கொள்ளட்டும் என்றுதான் சொல்லுகிறேன்: "இந்தப் பசையில் என்ன இருக்கிறது? காற்றை அளந்தீர்களா? அளவு எவ்வளவு?" இப்படிக் கேட்பது துடுக்குத்தனமல்ல, சட்டம் கொடுத்த உரிமை. போபாலில் 1984ல் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற பிறகு, 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987ல் தொழிலாளிக்கு விவரம் அறியும் உரிமையைச் சேர்த்தார்கள். 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த புதுச் சட்டத் தொகுப்பிலும், தன் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பற்றிய விவரத்தை முதலாளியிடமிருந்து பெற ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். ஒருவன் கேட்டால் வேலை போகும். நூறு பேர் கேட்டால் ஜன்னல் திறக்கும்.

சங்கம் இல்லாத சின்னப் பட்டறையில் இருக்கிறவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். யார், என்ன வேலை, எத்தனை வருஷம், என்ன உபத்திரவம் என்று எழுதிக் கொண்டே வாருங்கள். பத்துப் பட்டறையின் நோட்டுகள் ஒன்று சேர்ந்தால் அது கணக்காகும். கணக்கைக் காட்டினால் சர்க்கார் டாக்டரும் திரும்பிப் பார்க்க வேண்டிவரும். சித்திரகுப்தன் நம் பாவத்தை எழுதுகிறான் என்று சொல்லி நம்மைப் பயமுறுத்தினார்கள். அவன் எழுதினதாக நான் ஒரு நோட்டையும் கண்டதில்லை. நம்முடைய நோட்டை நாமே எழுதுவோம், தோழர்களே!